ஊர் அடுப்பின் முதல் நெருப்பு

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது எங்கள் ப்ரா-ஒபெர் கிராமத்தில், 1983 நவம்பரில். நடந்தது நொயேமிக்கு. கரி பூசிய முகத்தோடு அவள் ஓடி வந்து நின்றது என் கடையில். பாதியை என் கண்ணால் பார்த்தேன், மீதியை அவள் வாயால் கேட்டேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அவளுக்கு இந்தக் கதியே வந்திருக்காது.

அடுப்பு இன்னும் இருக்கிறது. பாரம்பரியச் சின்னம் என்று சொல்லி வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். எப்போது கட்டியது, எத்தனை ரொட்டி பிடிக்கும், எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் சொல்லப்போகும் விஷயம் மட்டும் அந்தப் பலகையில் இல்லை.

எங்கள் மலையில் விறகுக்குப் பஞ்சம். அதனால் வருடத்துக்கு ஒரே தடவைதான் ஊர் அடுப்பை மூட்டுவோம், நவம்பரில். ஒரு வீட்டுக்குப் பின் ஒரு வீடாக, குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய கறுப்பு ரொட்டியைச் சுட்டு மச்சில் அடுக்கிவிடுவோம். பிப்ரவரியில் அது கல்லாகிவிடும். சூப்பில் ஊறவைத்துத் தின்போம், பல் இருக்கிறவர்கள் அப்படியே கடிப்பார்கள்.

யாருக்கு எந்த முறை என்று தொப்பியில் சீட்டுப் போட்டு எடுப்பது வழக்கம். முதல் சீட்டு யாருக்கு விழுகிறதோ அவருக்குச் சனி பிடித்தது என்று அர்த்தம். ஒரு வருடம் ஜில்லென்று கிடந்த கல் அடுப்பைச் சூடேற்ற மலை மலையாக விறகு வேண்டும். அடுத்தவர்களுக்கு அந்தச் சூடு சும்மா கிடைக்கும். 'முதல் வீட்டுக்கு விறகுச் செலவு, ரெண்டாம் வீட்டுக்கு நல்ல ரொட்டி' என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

முதல் வீட்டுக்காரருக்கு இன்னொரு வேலையும் உண்டு. நெருப்பு வைப்பதற்கு முன்னால் அடுப்பு வாய்க்குள் தலையை விட்டு மூன்று தடவை கூப்பிட வேண்டும். "யாராவது இருக்கீங்களா?"

எதற்கு என்று கேட்டால், உள்ளே பூனை தூங்கும், அதை எழுப்பத்தான் என்பார்கள். கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், பூனை எழுந்து பதில் சொல்லுமா என்று நான் கேட்டேன். என் மாமியார் என்னை முறைத்த முறைப்பில் அந்தக் கேள்வியை அத்தோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு வேடிக்கை. மூன்றாவது தடவை கூப்பிட்டதும், அடுப்புக்குப் பின்சுவரில் இருக்கிற புகைப் பொந்து வழியாக எவனாவது ஒரு வாலிபன் குரலை மாற்றிக்கொண்டு, "இருக்கேன்!" என்று கத்துவான். கூடியிருக்கிற ஊரே சிரிக்கும். அதற்கப்புறம்தான் நெருப்பு. இந்த வேடிக்கைக்குத் தலைவர் கஸிமிர். பழைய மேயரின் மகன், எழுபத்தெட்டு வயது, இன்னும் குறும்பு போகவில்லை. அந்த வாலிபனைத் தேர்ந்தெடுப்பதும், முன்கூட்டியே என் கடைக்குக் கூட்டிவந்து ஒரு கோப்பை ஒயின் ஊற்றிக் கொடுப்பதும் அவர்தான். "சிரிக்காம நெருப்பு வச்சா மாவு பொங்காது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்த வருடம் தொப்பியைப் பிடித்திருந்ததும் கஸிமிர்தான். முதல் சீட்டை எடுத்தது நொயேமி.

நொயேமிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரின் மேல் கோடியில் இருக்கிற கல் வீட்டில், நான்கு மாடுகளோடு, படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டாள். அப்பா ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார். சட்டப்படி வீடு அவளுக்குப் பாதி, அவள் அண்ணன் லூசியனுக்குப் பாதி. லூசியன் சின்ன வயதிலேயே விடுதிப் பள்ளிக்குப் போனவன், பிறகு கிரெனோபிள் நகரத்தில் வேலை, குடும்பம். பனிச்சறுக்கு ஓட்டல் கட்டுகிறவர்களுக்கு அந்த மேட்டு நிலத்தின் மேல் கண் என்று ஊருக்கே தெரியும்.

ஆனால் நொயேமிக்கு அதைப் பற்றிப் பயமே இல்லை. அப்பா கண்ணை மூடுகிற நேரம் லூசியன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நொயேமி உயிரோட இருக்கிறவரைக்கும் இந்த வீட்டை விக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தான். கஸிமிர் பக்கத்தில் நின்று கேட்டார். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தின ஞானத்தகப்பனும் அவர்தான். இதற்கு மேல் என்ன பத்திரம் வேண்டும்?

முதல் சீட்டு விழுந்த அன்று அவள் முகம் வாடிப்போயிற்று. ஒற்றைப் பொம்பளை அத்தனை விறகை எப்படிச் சுமப்பாள்? மறுநாள் என் கடைக்கு வந்தபோது முகமெல்லாம் பல்.

"அக்கா, அண்ணன் வருது. ரெண்டு பேருமாச் சேந்து அடுப்பு மூட்டலாம்னு போன்ல சொல்லிச்சு."

"யாரு, உங்க அண்ணனா? அவன் கடைசியா விறகு தூக்கினது எப்போன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

"போங்கக்கா. கூடப் பிறந்த பாசம் எங்க போகும்?"

குறித்த நாளும் வந்தது. மதியத்திலிருந்தே பனிமூட்டம். தரையில் உப்புத் தூவினாற்போல் லேசாகப் பனி விழுந்திருந்தது. இருட்டின பிறகு, ஏழு மணிக்குத்தான் ஊர் கூடுவதாக இருந்தது. "நான் வர்றதுக்கு முன்னாடி நெருப்பு வைக்காதே" என்று கஸிமிர் அவளிடம் காலையிலும் சொன்னார், மதியமும் சொன்னார். அவளுக்கு அது வழக்கமான பேச்சாகத்தான் பட்டது. விறகோ ஈரம். சீக்கிரம் ஆரம்பித்தால்தான் விடிவதற்குள் கல் சூடேறும். அப்பா இருந்திருந்தால் முன்னாலேயே மூட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் லூசியன் வந்தான். தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இரண்டு கட்டு விறகைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டான்.

"விரலெல்லாம் விறைச்சுப்போச்சு. ஒரு காபி குடிச்சிட்டு வந்துடறேன். நீ ஆரம்பி."

"சீக்கிரம் வா அண்ணா. பதில் சொல்ல ஆள் வேணும்ல?"

அவன் கண்ணடித்தான். அவள் சிரித்தாள். பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளப் போகிறான் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவன் அப்படித்தான் செய்வான்.

அடுப்பு வீடு ஒரே அறைதான். ஒரு பக்கம் மாவு பிசைகிற மரத்தொட்டி. எதிரே இடுப்பு உயரத்தில் அடுப்பின் வாய். வாய் சின்னது, உள்ளே வயிறு பெரியது. நடுவில் ஒருவர் காலை மடக்கிப் படுத்துக்கொள்ளலாம், அவ்வளவு ஆழம். நொயேமி சுள்ளிகளை உள்ளே தள்ளி, அதன்மேல் கட்டைகளை அடுக்கினாள். லாந்தரைப் பக்கத்தில் வைத்தாள். தலையை உள்ளே விட்டாள். பழைய சாம்பல் வாசனை.

"யாராவது இருக்கீங்களா?"

குரல் உள்ளே போய்ச் சுற்றி, அடங்கியது.

"யாராவது இருக்கீங்களா?"

ஒன்றுமில்லை. அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

"யாராவது இருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் கழித்து...

"இருக்கேன்."

நொயேமி வாய்விட்டுச் சிரித்தாள். "காபி குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு இங்கதான் நிக்கிறியா, திருட்டு ராஸ்கல்" என்றாள். தீக்குச்சியைக் கிழித்தாள். சுள்ளி பிடித்துக்கொண்டது.

சுள்ளி எரிய ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. வேடிக்கைக்குப் பதில் சொல்கிறவன் கத்துவான், உறுமுவான், சிரிப்பை அடக்கமாட்டாமல் தடுமாறுவான். இந்தக் குரல் அப்படி இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. மெதுவாக. தொண்டை வறண்டு.

இன்னொன்றும் உறைத்தது. அந்த வார்த்தை பழைய மலைப் பேச்சில் வந்தது. அவளுடைய அப்பா காலத்து ஆட்கள் வீட்டுக்குள் பேசுகிற பேச்சு. லூசியனுக்கு அது வராது. விடுதிப் பள்ளியிலிருந்து வந்த புதிதில் அதைக் கேட்டுக் கிண்டல் செய்ததுதான் அவனுக்குத் தெரிந்ததெல்லாம்.

"அண்ணே?" என்றது குரல்.

"யாருக்கு யார் அண்ணன்? நான் உன் தங்கச்சி. வேஷம் போதும், வெளிய வா" என்றாள் நொயேமி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"ஆளுங்க போயிட்டாங்களா அண்ணே?"

"யாரு?"

"தேடி வந்தவங்க."

கட்டைகள் பற்றிக்கொண்டன. பட்... பட்... என்று வெடித்தன. அந்தச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது.

சர்ர்... சர்ர்...

ஆணி அடித்த பூட்ஸ் கல்லில் உரசுகிற சத்தம். யாரோ காலை உள்ளுக்கு இழுத்துக்கொள்கிறார்கள்.

நொயேமி லாந்தரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சுவரைச் சுற்றிப் பின்பக்கம் வந்தாள். புகைப் பொந்துக்குக் கீழே பனி அப்படியே இருந்தது. ஒரு காலடிகூட இல்லை. பூனை நடந்த தடம்கூட இல்லை. "அண்ணா" என்று கூப்பிட்டாள். மூட்டத்துக்குள் இருந்து பதில் வரவில்லை. கோயில் மணி ஐந்து அடித்தது.

வீட்டுக்கு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. உள்ளே மூட்டின நெருப்பை விட்டுப் போனால் இந்த வருட ரொட்டி போச்சு, ஊர் சிரிக்கும் என்று நினைத்தாள். திரும்ப உள்ளே வந்தாள்.

உள்ளே இருமல் கேட்டது.

"புகை வருது அண்ணே."

அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"கொஞ்சமாப் போடு. அவங்க கண்ணுக்குக் காட்டத்தானே... இது போதும்."

அந்தக் குரலில் பயம் இல்லை, கோபமும் இல்லை. நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. அதுதான் அவளைக் குலைத்துப்போட்டது என்று பின்னால் சொன்னாள்.

சுவரில் சாய்த்திருந்த நீளக் கோலை எடுத்தாள். நெருப்பை வெளியே இழுத்துப்போட்டுவிட நினைத்தாள். கோலை உள்ளே விட்டாள். கட்டைகளைத் தாண்டி உள்ளே போயிற்று. இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள்.

மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள்.

பிடுங்கவில்லை. இழுக்கவில்லை. சும்மா... கையைப் பிடித்துக்கொள்கிற மாதிரி...

"நீ இருக்கிறவரைக்கும் எனக்குப் பயமில்ல அண்ணே."

நொயேமி கோலைப் போட்டாள்.

ஓடினாள்.

என் கடைக் கதவு சுவரில் மோதித் திறந்தபோது நான் கண்ணாடிக் குவளை துடைத்துக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் கரி, தலைத்துணி அவிழ்ந்து தொங்கியது. மூச்சு வாங்கியது. கடையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலோர மேசையில் லூசியன் உட்கார்ந்திருந்தான். எதிரில் ரோமக் கழுத்துக் கோட்டுப் போட்ட ஓர் ஆள். நடுவில் ஒரு பாட்டில், காலியான இரண்டு கோப்பைகள்.

"அக்கா, இவன் எப்போ வந்தான்?" என்று என்னைக் கேட்டாள். அவனைக் கேட்கவில்லை.

"நாலு மணிக்கு."

"நடுவுல வெளிய போனானா?"

"இல்லையே. எழுந்திரிக்கவே இல்லை. என்னடி ஆச்சு?"

அவள் எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தக் கோட்டுக்காரன் எழுந்து தலையை லேசாகத் தாழ்த்தினான். மரியாதைக்காரன்தான், பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

"இவங்கதான் உங்க தங்கச்சியா சார்? ஈஸ்டருக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுவாங்கன்னு சொன்னீங்களே, ரொம்ப நன்றிம்மா. எங்க ஓட்டலுக்குப் பெரிய உதவி."

லூசியன் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். ஏற்கனவே மூடியிருந்த பாட்டில்.

"அப்பா கையைப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னியே அண்ணா" என்றாள் நொயேமி. அவ்வளவுதான். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"என் பாதியைத்தானே வித்தேன். மத்ததை அப்புறம் பேசலாம்" என்றான் அவன். பிறகு பேச்சை மாற்றினான். "நீ எதுக்கு இப்படிப் பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கிறே?"

"அடுப்புக்குள்ள யாரோ இருக்காங்க."

லூசியன் சிரித்தான். அவனுக்கு அது பெரிய விடுதலை மாதிரி. "வா, உன் பேயை நான் பாக்கறேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டான். நான் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

இங்கிருந்து நான் சொல்வதற்கு நானே சாட்சி.

அடுப்பு வீட்டில் புகை இருந்தது. நெருப்பு அணைந்திருந்தது. அத்தனை விறகு பற்றின அடுப்பு அவ்வளவு சீக்கிரம் அணையாது. டார்ச்சை உள்ளே அடித்தேன். தணல் இரண்டு பக்கமும் ஒதுக்கப்பட்டிருந்தது. யாரோ கையால் ஒதுக்கின மாதிரி. நடுவில் சுத்தமான இடம். ஓர் ஆள் காலை மடக்கிப் படுக்கிற அளவுக்கு. அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். பனிக்கட்டி மாதிரி ஜில்லென்றிருந்தது.

லூசியன் என்னை நகர்த்திவிட்டுத் தலையை உள்ளே விட்டான். கேலியாகக் கூப்பிட்டான்.

"யாராவது இருக்கீங்களா?"

சர்ர்...

"அண்ணே... வந்துட்டியா."

என் காதால் கேட்டேன். ஆண் குரல். இளசான குரல்.

லூசியன் தலையை வெளியே இழுத்த வேகத்தில் மண்டை வளைவில் இடித்தது. நெற்றியில் ரத்தம். "என்ன... என்ன சொல்லுது? எனக்கு அந்தப் பேச்சுப் புரியாதுன்னு தெரியும்ல?"

நொயேமி அவனையே பார்த்தாள்.

"அண்ணே வந்துட்டியான்னு கேக்குது. பதில் சொல்லு."

அவன் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து கதவுக்கு வந்தான். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவன் ப்ரா-ஒபெர் பக்கம் வரவே இல்லை.

ஏழு மணிக்கு ஊர் வந்தது. கஸிமிர் முன்னால் வந்தார். ஒதுக்கப்பட்ட தணலைப் பார்த்தார். நொயேமியின் முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பின்பக்கம் நின்ற வாலிபனுக்குக் குரல் கொடுத்தார். மூன்று தடவை அவரே கூப்பிட்டார். "இருக்கேன்!" என்று அவன் கத்தினான். எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் கஸிமிர். "சிரிங்கப்பா, சிரிங்க" என்று கையைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி நெருப்பு வைத்தார்கள்.

நொயேமி சிரிக்கவில்லை. அவள் தன் ஞானத்தகப்பனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நெருப்பு அணைந்து கிடந்ததில் அவருக்குத் துளிகூட ஆச்சரியம் இல்லை என்பதை அவளும் கவனித்தாள், நானும் கவனித்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் வீட்டுக்காகப் போராடினாள். பாதியை வாங்கினவர்கள் மீதிப் பாதியையும் கேட்டு வழக்குப் போட்டார்கள். "உயிரே போனாலும் விடமாட்டேன். எங்க தாத்தா காப்பாத்தி வச்ச வீடு" என்று என்னிடம் சொன்னாள். மாடு ஒன்றை விற்று வக்கீல் வைத்தாள். லூசியன் கொடுத்த வாக்குக்குச் சாட்சி வேண்டும் என்றார் வக்கீல். சாட்சி கஸிமிர் ஒருவர்தான்.

ஜனவரியில் ஒரு மதியம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடையில் கஸிமிரும் நானும் மட்டும். நொயேமி வந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க கேட்டீங்க. அண்ணன் அப்பாகிட்ட சொன்னதை நீங்க பக்கத்துல நின்னு கேட்டீங்க. கோர்ட்டுல வந்து சொல்லுங்க."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா."

"பொய் சொல்லாதீங்க."

கஸிமிர் கோப்பையின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். "அந்த வீட்டுக்காகச் சண்டை போடாதே நொயேமி. வேணாம்."

"ஏன்?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்.

"அடுப்புக்குள்ள இருக்கிறது யாரு மாமா?"

கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார். "சிப்ரியன். உன் தாத்தாவோட தம்பி."

அவளுக்கு அப்படி ஒரு தாத்தா இருந்ததே தெரியாது. எனக்கும் தெரியாது. கோயில் வாசலில் முதல் உலக யுத்தத்தில் செத்தவர்கள் பெயரைச் செதுக்கின கல் இருக்கிறது. அதிலும் அந்தப் பெயர் இல்லை.

"பதினேழாம் வருஷம். தோள்ல குண்டு பட்டு லீவுல வந்தான்" என்றார் கஸிமிர். "உன் தாத்தா ஜோவாகிமுக்கு ஒரு கண்ணு சரியில்ல, அதனால பட்டாளத்துல எடுக்கல. வீடு ரெண்டு பேருக்கும் பொது. பனி கொட்டி வழி அடைச்சுப்போச்சு. லீவு முடிஞ்சும் சிப்ரியனால இறங்க முடியல. போலீஸ் தேடுது, பிடிச்சா ஓடிப்போனவன்னு சுட்டுருவாங்கன்னு ஜோவாகிம் சொன்னான். வருஷம் பூரா யாரும் தொடாத இடம் அடுப்புதான். அங்க ஒளிச்சு வச்சான். ராத்திரி சூப்புக் கொண்டுபோய்க் கொடுத்தான்."

"அப்புறம்?"

"அந்த வருஷம் முதல் சீட்டு ஜோவாகிமுக்கு விழுந்துது. ஊர் கூடுறதுக்கு முன்னாடியே நெருப்பு வச்சான். சிப்ரியன்கிட்ட என்ன சொல்லி வச்சான்னு உனக்குத் தெரியும். நீ கேட்டிருக்கே."

நொயேமியின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. "கண்ணுக்குக் காட்டத்தானேன்னு..." என்றாள்.

"காலையில சாம்பல் அள்ளும்போது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும்?"

"வெளிய சொன்னா அடுப்பை மூடிருவாங்க. வேற அடுப்பு இல்ல. மாவெல்லாம் பிசைஞ்சு வச்சாச்சு, பனி வேற. ரெண்டாம் வீடு சுட்டுது, மூணாம் வீடு சுட்டுது... எல்லாரும் சுட்டோம். குளிர்காலம் பூரா அதைத்தான் தின்னோம். பையன் ஓடிப்போயிட்டான்னு பட்டாளத்துக்கு எழுதிப் போட்டாங்க. அடுத்த வருஷம் நெருப்பு வைக்கப் போனப்போ உள்ளேருந்து குரல் வந்துது. எங்கப்பாதான் இந்த வேடிக்கையைக் கண்டுபிடிச்சார். யாராவது ஒருத்தன் கத்தினா, மத்தவங்க சிரிச்சா, அந்தக் குரல் கேக்காதுல்ல? முதல்ல கத்தினது நான். எனக்குப் பதிமூணு வயசு."

நான் அவரை அத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறேன். குறும்புக்காரக் கிழவர் என்று நினைத்திருக்கிறேன். எனக்கு அவர் பக்கத்தில் நிற்கவே பிடிக்கவில்லை.

நொயேமி எழுந்தாள். தலைத்துணியைக் கட்டிக்கொண்டாள். கதவுவரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள்.

"தேடி வந்த போலீஸ் என்ன ஆனாங்க? வெறுங்கையோட திரும்பிட்டாங்களா?"

கஸிமிர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்கப்பாதான் அப்போ மேயர். போலீஸ் மலை ஏறினா முதல்ல எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டணும்."

"தட்டினாங்களா?"

"இல்லம்மா. வழி அடைச்சா லீவை நீட்டிக் கொடுக்கிறது வழக்கம்தான். அந்த வருஷம் ஒருத்தரும் வரல. அவனை யாரும் தேடவே இல்ல."

மறுநாள் காலையில் நொயேமி மீதியிருந்த மூன்று மாடுகளையும் ஓட்டிக்கொண்டு பனியில் மலை இறங்கினாள். வீட்டுக் கதவைச் சாத்தக்கூட இல்லை.